ஒத்திவைத்த ஆட்டத்தின் பந்து

அண்ணா,

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள், உங்களுக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் கடிதம் வாசிக்கிறவர் அல்ல, வாசிக்கக் கேட்கிறவர். கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்தபடி, "ம், பிறகு?" என்பீர்கள். நான் வாசிப்பேன். இதை உங்களுக்கு வாசித்துக்காட்ட வழியில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவள் நான். எதையும் எழுதித்தான் கேட்டுப் பழகியிருக்கிறேன்.

இன்று காலை பந்து வீட்டுக்கு வந்தது.

காதர் நானாதான் கொண்டுவந்தார். கிண்ணியாத் துறையில் தோணி ஓட்டுகிற, உங்களோடு தோளால் இடித்து இடித்து விளையாடிய கிண்ணியா அணித்தலைவர். அரிசிச் சாக்கொன்றைக் கதிரையில் வைத்து வாயை அவிழ்த்தார். சுறா எண்ணெய் மணம் வீடு முழுக்க எழும்பியது. குசினியில் இருந்த அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். உப்புத் தண்ணீர் தோலுக்குள் இறங்கிப் பந்து கனக்கக்கூடாது என்று நீங்கள் பூசிப் பூசி ஊறவைத்த எண்ணெய். நீங்கள் கடலால் வந்து வாசலில் நிற்கும்போது வருகிற மணமும் அதுதான். அம்மா வாசலைத்தான் முதலில் பார்த்தார், பிறகுதான் கதிரையைப் பார்த்தார்.

"மூண்டு மாரி போயிட்டுது தங்கச்சி," என்றார் காதர் நானா. "இது உங்கட அண்ணன் என்னட்ட நம்பித் தந்த அமானிதம். அடுத்த மாசம் நான் சவூதிக்குப் போறன். அமானிதத்தைக் கையில வச்சுக்கொண்டு கடல் தாண்ட ஏலாது."

"அப்ப பந்தைத் தந்திட்டுப் போக வந்தியளோ, தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா. ஆட்டத்தை முடிச்சிட்டுப் போக வந்தனான்."

அம்மா பந்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காற்று இறங்கிப் பந்து குழைந்துபோயிருந்தது. ஆனாலும் முழுதாகச் சப்பையாகவில்லை.

அந்த ஆட்டத்தை இனி ஆடலாமா, கூடாதா? இன்றைக்கு எல்லோரும் இதற்கு என்னிடம்தான் பதில் கேட்கிறார்கள். நான் உங்களிடம் கேட்கிறேன்.

இது எல்லாம் எங்களைப் பெற்ற ஐயா சிரித்த ஒரு சிரிப்பில் தொடங்கியது என்று நினைக்கிறேன். ஐயா துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் சாப்பாட்டுக் கூடத்தில் கோப்பை கழுவியவர். சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்கள் சில காலம் இங்கேதானே இருந்தார்கள். ஒருநாள் கூடம் செத்தவீடு மாதிரிக் கிடந்ததாம். என்னவென்று விசாரித்தால், ஹங்கேரி என்ற ஒரு சின்ன நாடு இங்கிலாந்தை அதன் சொந்தத் திடலிலேயே உதைபந்தாட்டத்தில் அடித்து நொறுக்கிவிட்டதாம். "எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு சிரிச்சனான். கோப்பை எல்லாம் ஆடுது," என்று ஐயா சொல்லும்போதெல்லாம் நாங்களும் சிரிப்போம்.

நீங்கள் மட்டும் சிரித்து முடித்ததும் கேட்பீர்கள். "அது சரி ஐயா, அவங்களுக்கு ஆர் பழக்கினது? முதன்முதல் ஆர் தொடக்கினது?"

ஐயாவுக்குத் தெரியாது. அவர் போன பிறகும் அந்தக் கேள்வி உங்களை விட்டுப் போகவில்லை. காற்றின் நிலவரம் கேட்பதற்காகக் கடற்கரையில் வலைகள் போடுகிற வாடியில் வைத்திருந்த சின்ன ரேடியோவில், ஒருநாள் பின்னேரம் திருகித் திருகிப் போனபோது அந்த நாட்டு வானொலி ஆங்கிலத்தில் பேசியது. நான் அப்போது பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். புடாபெஸ்ட் என்ற சொல்லை நான்தான் பிடித்துச் சொன்னேன்.

"அவங்கட ரேடியோவுக்கு ஒரு கடுதாசி போடு பிள்ளை."

"என்னெண்டு அண்ணா?"

"உங்கட ஆக்கள் முதன்முதல் எப்பிடிப் பந்தடிக்கத் தொடங்கினவை எண்டு."

"வாசிச்சிட்டுச் சிரிப்பினம்."

"சிரிச்சால் சிரிக்கட்டும். நீ பக்கத்திலை நிண்டு பாக்கப் போறியோ?"

மாதங்கள் கழித்து மண்ணிறக் கடித உறையில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் வந்தது. அந்த நாட்டு லீக்கின் ஆரம்ப காலக் கதை. மீசை முறுக்கிய, முழங்கால் வரை கால்சட்டை போட்ட மனிதர்கள் கைகட்டி நிற்கிற படங்கள். எங்கள் கோல் காப்பாளர் தவம் அண்ணன் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "பொலிசுக்காரர் மாதிரிக் கிடக்கு. இவங்கள் பந்தடிப்பாங்களோ, பந்தைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்களோ?"

வாடியில் வலைக்குவியலின் மேல் இருந்து நான் வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. முதல் லீக்கில் ஐந்தே கழகங்கள். ஐந்தும் ஒரே நகரத்தில் இருந்தவை. ஒன்று தேகப்பயிற்சிக்காரருடையது. ஒன்று பொறியியல் படிக்கிற மாணவருடையது. ஒன்று நீச்சல்காரருடையது.

உங்கள் வலையூசி நின்றது. "நீச்சல்காரரோ? வடிவாப் பார் பிள்ளை."

"நீச்சல்காரர்தான் அண்ணா."

"அப்ப அது நாங்கள்," என்றார் தவம் அண்ணன்.

"அந்த ஊருக்குக் கடல் இல்லை," என்றேன்.

"கடல் இல்லாமல் எங்கை நீந்தினவங்கள்? கிணத்துக்குள்ளையோ?"

"பெரிய ஆறு ஒண்டு ஓடுது."

நீங்கள் ஊசியைத் திரும்ப வலைக்குள் விட்டீர்கள். "ஆத்திலை நீந்துறவனை விளையாட விட்டிருக்கிறாங்கள். கடல்லை நீந்துறவனை ஆர் மறிக்கிறது?"

ஆனால் உங்களை உலுக்கியது அது அல்ல. 'லீக்' என்றால் என்ன என்று கேட்டீர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டினத்துக் கிண்ணப் போட்டிகள்தான். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டும். எங்கள் ஊரான சல்லியின் அணி ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்கு வந்தது. ஆட்ட நாளில் மீன் கூட்டம் வந்துவிடும், பாதிப்பேர் கரைவலையில் நிற்பார்கள், மிச்சப்பேர் போய்த் தோற்றுவிட்டு வருவார்கள்.

நான் விளக்கினேன். ஒவ்வொரு கழகமும் மற்ற எல்லாக் கழகங்களையும் இரண்டு தரம் சந்திக்கும்.

"தோத்தவன்?"

"தோத்தவனும் அடுத்த கிழமை வரலாம்."

"பிறகும் தோத்தால்?"

"பிறகும் வரலாம்."

"ஒருத்தரும் போ எண்டு சொல்லமாட்டினமோ?"

"இல்லை அண்ணா. கடைசி ஆட்டம் முடியுமட்டும் எல்லாரும் உள்ளுக்குத்தான்."

நீங்கள் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றீர்கள். கோயிலில் திரை விலகியதும் நிற்பீர்களே, அப்படி. "எவ்வளவு பெரிய மூளையடா!" என்றீர்கள். "இதை யோசிச்சவன் ஒருநாள் தோத்திருக்க வேணும்."

பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பெரிய விஷயங்களை விரிவுரைகளில் கேட்டேன். ஒரு யோசனையைக் கேட்டு அப்படி எழுந்து நின்ற முகத்தை அங்கே நான் காணவில்லை. ஒரு கருத்து நல்லதுதானா என்று பார்க்கவேண்டி வந்தால், இன்றைக்கும் அதை அண்ணாவுக்குச் சொன்னால் வலையைக் கீழே வைப்பாரா என்றுதான் பார்க்கிறேன்.

அந்த மாதம் முழுவதும் வாடியில் அந்தப் புத்தகம்தான் கதை. சைக்கிள் ஓட்டப் பந்தயத் தடத்தின் நடுவில் அவர்கள் விளையாடினார்களாம். முதலில் வென்றவர்கள் தேகப்பயிற்சிக்காரர்கள், அடுத்த முறையும் அவர்களே. அதன்பிறகு பச்சை வெள்ளைச் சட்டைக் கழகமும் நீல வெள்ளைச் சட்டைக் கழகமும் ஒரு தலைமுறைக் காலம் முதலிடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பச்சையர் நகரத்தின் ஓரத்துத் தொழிலாளர் பகுதியில் பிறந்தவர்கள். நீலர் வாள்வீச்சும் தேகப்பயிற்சியும் பழகத் தொடங்கிய கழகம். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவர்களுக்கு ஒரு கழகம், ரயில் வேலைக்காரருக்கு ஒரு கழகம். நீலருக்குப் பந்தை நிலத்தோடு வைத்துக் கொடுத்து வாங்கப் பழக்கியவர் ஓர் இங்கிலாந்துக்காரர். யுத்தத்தில் எதிரி நாட்டவர் என்று பிடிபட்டிருந்த மனிதர். "பிடிச்சு வச்ச ஆளிட்டையே பழகியிருக்கிறாங்கள்," என்று தலையை ஆட்டினீர்கள். "ஐயா சிரிச்சது இதுக்குத்தான். அவருக்குத் தெரியாமலே சிரிச்சிருக்கிறார்."

நீச்சல்காரரைப் பற்றிச் சில பக்கங்களுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எங்கே போனார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்றேன். "பரவாயில்லை. மிச்சத்தை நாங்கள் விளையாடுவம்," என்றீர்கள்.

நீங்கள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது, எங்களுக்கும் ஒரு லீக் சேர்க்கச் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு கிண்ணியாத் துறைக்குப் புறப்பட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. படம் காட்ட நான், கதை சொல்ல நீங்கள். காதர் நானா தோணியில் இருந்தபடியே புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஹங்கேரி எண்டா எங்க இருக்கு? மூதூருக்கு அங்காலயா?"

"அதுக்கும் கொஞ்சம் அங்காலை."

"அதில எங்கட ஆக்கள் ஆரு?"

"உங்களுக்குப் பச்சையை வச்சிருக்கிறன்."

"பச்சைக்காரன் எப்படி, ஆடுவானா?"

"எல்லாரையும் அடிச்சுப்போட்டு நிக்கிறவன்."

"அப்ப சரி. எழுதிக்கொள்ளுங்க தங்கச்சி, கிண்ணியா வருது."

தம்பலகாமத்தில் வயல்காரரும் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர்களும் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தேகப்பயிற்சிக்காரர் இடம். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவர்கள் ரயில்காரர். பட்டினத்து எழுதுவினைஞர்கள் தாங்களாகவே வந்து அச்சுக்கூடத்தைக் கேட்டார்கள். நாங்கள் நீச்சல்காரர். எங்கள் ஐந்தும் அவர்களின் ஐந்து அல்ல, புத்தகத்தின் வேறு வேறு பக்கங்களிலிருந்து பொறுக்கியவை என்றேன். "அவங்கள் வந்து பாக்கப் போறாங்களோ?" என்றீர்கள்.

பனிக்காலத்தில் அந்த நாட்டில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பனி கரைந்ததும் தொடருவார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. எங்களுக்கும் அது வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். தவம் அண்ணன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பனியோ? எனக்கு இஞ்சை வேர்த்து ஊத்துது," என்றார். "மாரிதான் எங்கட பனி," என்றீர்கள். மாரியில் திடல் வெள்ளம், தம்பலகாமத்தாருக்கு விதைப்பு. அதனால் எல்லோரும் சம்மதித்தார்கள். முதல் மழை விழுந்ததும் வாடி முழுக்க, "பனி பெய்யுதடா!" என்று சத்தம்.

புத்தகத்தில் இல்லாத ஒரு சட்டமும் போட்டீர்கள். கரைவலைக்கு மீன் வந்தால் அன்றைய ஆட்டம் தோல்வி ஆகாது, ஒத்திவைப்பு. சல்லியார் ஏய்க்கிறார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, அந்த ஆட்டத்தின் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். திரும்ப ஆடும்போது அதே பந்தில்தான் ஆடவேண்டும். எங்களிடம் இருந்ததே ஒரு பந்து, அண்ணா. அதைப் பிணை வைக்கத் துணிந்தவர் நீங்கள்.

அந்தப் பந்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. உள்ளே இருக்கிற இறப்பர் பிளாடரைப் பம்ப் இருந்தாலும் நீங்கள் வாயால்தான் ஊதுவீர்கள். கன்னம் உப்பி, கண் சிவந்து வரும். நான் ஒருமுறை ஊதிப் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது. "கடல்லை போட்டால் நீ ஒரு பாகம் ஆழமும் தாண்டமாட்டாய்," என்று சிரித்தீர்கள். ஊதி முடித்ததும் பந்தின் வாயில் தோல் வாரைக் கோத்து இழுத்துக் கட்டுவது நான். ஆட்டம் முடிந்தால் இலேசாக அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சு.

கடைசி ஆட்டத்தின்போது நான் பேராதனையில் இருந்தேன். நடந்ததை எல்லாம் காதர் நானா இன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். சல்லிக்கும் கிண்ணியாவுக்கும் சமபுள்ளி. அம்மன் கோயில் வெளித் திடலில் கூட்டம். பந்து நடுவில். நடுவர் ஊதுகுழலை வாயில் வைக்கிற நேரம் கரையில் துணி வீசுகிறார்கள், பாரை மீன் கூட்டம். நீங்கள் எல்லோரும் ஒரே ஓட்டம். கிண்ணியா அணி திடலில் தனியே நிற்கிறது.

"நாங்க நிண்டு பாத்தம், தங்கச்சி. பிறகு எனக்கு வெக்கமாப் போச்சு. 'வாங்கடா, நிண்டு பாக்க இது என்ன கலியாண வீடா?' எண்டு சொல்லிப்போட்டுக் கயித்தைப் பிடிச்சன். ரெண்டு பக்கமும் சேந்து இழுத்தம். உங்கட அண்ணன் என்ட பக்கத்தில. இழுக்க இழுக்க, 'நானா, இதுதான் லீக்' எண்டு சிரிக்கிறார்."

வலை கரைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆட்டம் மாரிக்குப் பிறகு என்று முடிவானது. பந்தை நீங்களே அவர் கையில் கொடுத்தீர்கள்.

மாரி தொடங்கிச் சில நாளில் உங்களுக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்தது. நான் பஸ்ஸில் வந்தேன். தம்பலகாமம் தாண்டும்போது வயலெல்லாம் வெள்ளக்காடு. "பனி" என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன், அதைச் சொன்னால் நீங்கள் எழும்பிச் சிரிப்பீர்கள் என்று. வீட்டுக்கு வந்தபோது மழைக்குள் ஆட்கள் நின்றார்கள். ஐந்து அணியும் நின்றது.

அந்தப் பனி விடுமுறை இன்னும் முடியவில்லை, அண்ணா. திடலில் எருக்கலைச் செடி வளர்ந்துவிட்டது.

இன்று பின்னேரம் தவம் அண்ணனும் மற்றவர்களும் வந்தார்கள். காதர் நானாவும் போகவில்லை. முற்றத்தில் எல்லோரும் நின்றுகொண்டே கதைத்தார்கள்.

"அவன் இல்லாமல் எப்பிடி ஆடுறது?" என்றார் தவம் அண்ணன். "அது அவன்ர ஆட்டம். அப்பிடியே கிடக்கட்டும்."

"கிடந்தா அது முடியாத ஆட்டம்," என்றார் காதர் நானா. "முடியாத ஆட்டத்தை அவர் ஒரு நாளும் விட்டதில்லை."

"நீங்கள் வெளிநாடு போற அவசரத்திலை சொல்லுறியள்."

"ஓம், அவசரம்தான். நான் திரும்பி வாறது ஆருக்குத் தெரியும்?"

"கம்பசுக்குப் போன பிள்ளை சொல்லட்டும்," என்று யாரோ சொல்ல, எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சொல்ல வராததால் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். உங்களுக்கு வாசித்த மாதிரியே, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. யுத்தம் வந்தது. ஆட்டக்காரர் போர்முனைக்குப் போனார்கள். வழக்கமான லீக் நின்றுபோனது. சிலர் திரும்பி வரவில்லை. பிறகு லீக் மறுபடி தொடங்கியது.

அந்தப் பக்கத்தை வாடியில் வாசித்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். "திரும்பத் தொடங்கின அண்டைக்கு ஆர் ஆடினது?" என்று கேட்டீர்கள். புத்தகத்தில் இல்லை என்றேன். "மிஞ்சினவங்கள் ஆடியிருப்பாங்கள்," என்றீர்கள். பிறகு, "அதுதான் பிள்ளை பெரிய ஆட்டம்," என்றீர்கள்.

அதையும் சொன்னேன். இத்தனை பேர் முன்னால் நான் கதைத்தது அதுதான் முதல் தரம். தவம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "எருக்கலையை நான் வெட்டுறன்," என்றார்.

அப்போதுதான் அம்மா பேசினார். பந்து இன்னும் அவர் மடியில்.

"ஆடுங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. வேற பந்திலை ஆடுங்கோ."

"அம்மா, இந்தப் பந்திலதான் ஆடவேணும். அது அவர் போட்ட சட்டம்," என்றார் காதர் நானா மெதுவாக.

"இதுக்குக் காத்துக் காணாது. அவிழ்க்க வேணும். நான் விடமாட்டன்." அம்மா பந்தை இறுக்கிப் பிடித்தார். "இதுக்குள்ளை என்ர பிள்ளையின்ர மூச்செல்லோ கிடக்குது."

காதர் நானா தலை குனிந்தார். "எனக்கும் தெரியும்," என்றார். "அதுதான் மூண்டு வருசமா நானும் அவிழ்க்கேல்ல."

நாளைக்குச் சொல்கிறேன் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டேன். இப்போது பந்து மேசையில் இருக்கிறது, என் கைக்கெட்டுகிற தூரத்தில். வாரில் இருப்பது என் முடிச்சு அல்ல. அன்றைக்கு நான் இல்லாததால் நீங்களே கட்டியிருக்கிறீர்கள், வலைக்குப் போடுகிற முடிச்சு. எண்ணெய் ஊறி இறுகிவிட்டது. அது இனி அவிழாது, வெட்டத்தான் வேண்டும்.

அம்மாவை நான் பக்கத்தில் இருத்துவேன். பிளாடரின் வாயை அவர் கன்னத்துக்கு நேரே பிடிப்பேன். உள்ளே இருப்பது மெதுவாக வெளியே வரட்டும், அம்மாவின் மேல் படட்டும். அதன்பிறகு பம்பைத் தொடமாட்டேன். தலை சுற்றினாலும் விட்டு விட்டு நானே ஊதுவேன். வாரை நானே கட்டுவேன், ஆட்டம் முடிந்தால் இலேசாக அவிழ்கிற என்னுடைய முடிச்சு. நீங்கள் சொன்ன பெரிய ஆட்டத்துக்கு என்னிடமிருந்து போகக்கூடியது இந்த மூச்சும் இந்த முடிச்சும்தான்.

காலையில் அவர்கள் வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். இவ்வளவு நேரமும் அதைக் கேட்கத் தெரியாமல்தான் எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

பனி முடிந்துவிட்டது, அண்ணா. உங்கள் முடிச்சை நான் வெட்டட்டுமா? ஓம் என்று சொல்லுங்கள்.